இயோஸ் தீவுக்கு ஒரு பி.பி. கால்

ஆகஸ்ட் 2, சனி. பிரேயஸ் துறைமுகம்

டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்து மூன்று வருஷம் லாக் புக் எழுதிய கை இது. ரிட்டயர் ஆகியும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கோவில்பட்டியில் இருந்தால் மோட்டார் போட்ட நேரம், தண்ணீர் வந்த நேரம் என்று எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பேன். இங்கே கப்பல் நேரம் எழுத வேண்டியதுதான்.

எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம். அதற்கு மகள் உமையாள் கொடுத்த பரிசு இந்தப் பயணம். கிரீஸ் நாட்டில் தீவு தீவாகக் கப்பலில் போய் எட்டாம் தேதி சாண்டோரினியில் இறங்க வேண்டும். அவளும் மாப்பிள்ளையும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து அங்கே வந்து சேர்ந்துகொள்வார்கள். இந்த வயதில் எங்களுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டேன். சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

பரிசு என்பது பேருக்குத்தான். ஏப்ரலில் ஊருக்கு வந்தவள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்பாகிட்ட ஏதோ சரியில்ல. சாண்டோரினியில நானே பக்கத்துல இருந்து பாப்பேன். சரியில்லன்னா வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் எங்களோட வந்திரணும்" என்று சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் போட்டாள். எழுபது வயதில் யாருக்குத்தான் மறதி இல்லை? எனக்கே கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தெரிவதில்லை. தெரிந்த தெரு, தெரிந்த டீக்கடை, வாசலில் நின்று பேச நாலு ஆள் இருந்தால் இவர் நன்றாகத்தான் இருக்கிறார். அந்த ஊரில் கொண்டுபோய் நாலாவது மாடியில் உட்கார வைத்தால் ஒரு வருஷம் தாங்க மாட்டார். அதனால் என் வேலை இதுதான்: எட்டாம் தேதிவரை ஒரு குறையும் வெளியே தெரியாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவள் முன்னால் நாலு நாள் ஒப்பேற்றிவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

இவர் செல்போனை நானே வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். எங்கேயாவது வைத்துவிடுவார் என்பதற்காக. வேறொன்றும் இல்லை.

ஓட்டலில் சாவி கொடுத்தவன் இவரைப் பார்த்து "வெல்கம் மிஸ்டர் உத்தண்டராமன்" என்றான். எங்கள் இருவருக்கும் சிரிப்பு. உத்தண்டராமன் என் மாமனார். அவர் இறந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. நம் ஊரில் குடும்பப் பேர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தை நிரப்பச் சொன்னார்கள் என்று அப்பா பேரை எழுதினார் இவர். இங்கே அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். "அப்பா கிரீஸ்ல வந்து ரூம் போட்டிருக்காக" என்றார் இவர். நல்ல தமாஷ்.

இவர் பேரை நான் இங்கே எழுதவில்லை. சொல்வதும் இல்லை. வேடிக்கை என்னவென்றால் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாளைக்கு ஐந்து தரம் சொல்லியிருக்கிறேன். இவர் தீப்பெட்டிக் கம்பெனியில் கிளார்க். கல்கத்தாவிலிருந்து இவருக்கு பி.பி. கால் வரும். பேர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த ஆளே வந்து "நான்தான் பேசுறேன்" என்று சொன்னால்தான் லைன் கொடுப்போம். வேறு ஆள் எடுத்தால் கிடையாது. அப்படிக் குரலிலேயே பழக்கமான மனுஷன். தாலி ஏறிய அன்றோடு பேர் நின்றுபோனது. "ஏங்க", "ஒங்களத்தான்", அவ்வளவுதான். நாற்பது வருஷம் அதிலேயே ஓடிவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. சீரோஸ்

காலை ஏழரைக்குக் கப்பல். கப்பல் என்றால் ஒரு தெருவையே தூக்கி மிதக்கவிட்ட மாதிரி இருக்கிறது. பின்பக்கம் இரும்புக் கதவு பாலம்போல இறங்குகிறது. லாரி, கார், மோட்டார் சைக்கிள், ஜனம் எல்லாம் அதே வழியில்தான் உள்ளே போக வேண்டும். கீழே பெட்டி வைக்கும் அலமாரியில் தீவு தீவாகப் பேர் எழுதியிருக்கிறது. பெட்டியை எங்கே வைத்தோம் என்று இவர் கேட்டார். சொன்னேன். திரும்பவும் கேட்டார். அந்த இரைச்சலில் யாருக்குத்தான் காது கேட்கும்?

ஒவ்வொரு தீவிலும் ஐந்து நிமிஷம்கூட நிற்பதில்லை. கதவு கரையில் பட்டதும் இறங்குகிறவன் இறங்கணும், ஏறுகிறவன் ஏறணும். கடைசி ஆள் ஏறும்போதே கதவு மேலே எழும்ப ஆரம்பித்துவிடுகிறது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு கண்டக்டர்கள் தேவலை.

மாலை உமையாள் வீடியோவில் வந்தாள். அதற்கு முன்னால் பத்து நிமிஷம் நான் இவரைத் தயார் செய்தேன். கப்பல் பெரிசு, கடல் நீலம், சாப்பாடு பரவாயில்லை. மூன்றையும் வரிசை தப்பாமல் சொன்னார். நான்காவதாக அவள் ஏதோ கேட்டாள். "எல்லாம் பிரமாதம்மா" என்றார். எதற்கும் பொருந்துகிற பதில் அது. கெட்டிக்காரர்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பிரஷர் மாத்திரை நான் கொடுத்தேன். அதற்கு முன்பே ஒரு தரம் போட்டிருக்கிறார். இனிமேல் டப்பாவும் என் பையில்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய். நாக்ஸோஸ்

இதை எழுதவே கூடாது என்று பார்த்தேன். லாக் புக்கில் நடந்ததை மறைத்து எழுதிப் பழக்கமில்லை.

சீரோஸிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரம் இருக்கும். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர் அரை மணி நேரமாகியும் வரவில்லை. ஒவ்வொரு தளமாக ஏறி இறங்கினேன். கடைசியில் ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் டிக்கெட்டைக் காட்டினேன். அவள் மைக்கில் "மிஸ்டர் உத்தண்டராமன், ரிசப்ஷனுக்கு வரவும்" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். வரவில்லை. நானாகத்தான் போய்க் கண்டுபிடித்தேன். மேல்தளத்தில் வயதான வெள்ளைக்காரர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். இவர் ஒவ்வொருத்தர் முன்னாலும் குனிந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு போனார்.

"ஒங்களத்தான், என்ன செய்றீங்க?"

"அப்பாவக் கூப்பிட்டாகல்லா? அவுகளுக்குத்தான் காது கேக்காதே. நான் போயி கூட்டிட்டு வாரேன்."

தமாஷ் என்று நினைத்து நான் சிரித்தேன். இவரும் சிரிப்பார் என்று முகத்தையே பார்த்தேன். சிரிக்கவில்லை.

மாமனாருக்குக் கடைசி எட்டு வருஷம் காது சுத்தமாகக் கேட்காது. ஆஸ்பத்திரியில், கோர்ட்டில், பாங்கில் எங்கே அவர் பேரைக் கூப்பிட்டாலும் இவர்தான் துள்ளி எழுந்துபோய் அவரைக் கைபிடித்துக் கூட்டிவருவார். அந்தப் பழக்கம். அவ்வளவுதான் விஷயம். பழக்கத்துக்கு யார் என்ன செய்ய முடியும்?

மத்தியானம் பாலாடைக்கட்டி வைத்த பஃப்ஸ் சாப்பிட்டோம். உப்பு தூக்கல்.

ஆகஸ்ட் 6, புதன்

காற்று. இங்கே இந்த மாதத்தில் இப்படித்தான் அடிக்குமாம். கப்பல் எதுவும் கிளம்பக் கூடாது என்று துறைமுகத்தில் உத்தரவு. எங்களுக்கு எட்டாம் தேதிதான் கப்பல், அதனால் கவலையில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்த ஓட்டல்காரி ஸ்தமாதியா என் வயதுதான் இருப்பாள். காலையில் இவர் எதிர் அறைக் கதவைத் திறக்கப் பார்த்ததையும், என்னிடம் காப்பி கேட்டுக் குடித்துவிட்டுத் திரும்பக் கேட்டதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் ஓட்டல் பேரும் என் போன் நம்பரும் எழுதிய அட்டை ஒன்றைக் கொண்டுவந்து, என்னைக் கேட்காமலே இவர் சட்டைப் பையில் செருகினாள். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

எனக்கு வந்ததே கோபம். யார் கேட்டது இவளை? என் புருஷன் என்ன காணாமல்போன பெட்டியா, விலாசம் ஒட்டுவதற்கு? உமையாள் அதைப் பார்த்தால் அவ்வளவுதான், அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிடுவாள். அறைக்கு வந்ததும் அட்டையை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்றும் காற்று. ஜன்னல் அடித்துக்கொண்டே இருக்கிறது. இவர் "ஊருக்கு எப்பப் போறோம்" என்று காலையிலிருந்து கேட்கிறார். நாளை என்றேன், நாளை மறுநாள் என்றேன். கடைசியில் சத்தம் போட்டுவிட்டேன். போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் மனுஷியே இல்லை.

உமையாள் நாளை மத்தியானம் சாண்டோரினி வந்துவிடுவாளாம். இவரோடு பத்து நிமிஷம் பேசினாள். பிரமாதமாகப் பேசினார். லைன் கட்டான பிறகு என்னிடம், "யாரு இந்தப் பொண்ணு? நல்ல மரியாதையாப் பேசுது" என்றார்.

லைன் கட்டாகிவிட்டது. அவள் காதில் விழவில்லை. அந்தமட்டில் சரி.

ஆகஸ்ட் 8, வெள்ளி, காலை

காற்று கொஞ்சம் தணிந்து உத்தரவை எடுத்துவிட்டார்கள். மத்தியானக் கப்பல். நாக்ஸோஸ், இயோஸ், சாண்டோரினி. இவருக்கு முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார். "உமையாள் நம்ம பொண்ணு" என்று ஏழெட்டுத் தரம் சொல்லிக்கொடுத்தேன். இன்னும் ஒரு கப்பல்தான். மூன்று மணி நேரம்.

அதே நாள், மாலை ஆறரை. சாண்டோரினியிலிருந்து இயோஸ் போகும் கப்பலில்

பக்கத்தில் உமையாள் உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை பெட்டிகளோடு சாண்டோரினியில் இருக்கிறார். மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. எழுதினால் நிற்கும்.

இரண்டு நாள் தேங்கிய கூட்டம் முழுவதும் மத்தியானம் அந்த ஒரே கப்பலில் ஏறியது. நிற்க இடமில்லை. ஜன்னலோரம் ஒரு இருக்கை கிடைத்தது. இவரை உட்கார வைத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். இயோஸ் நெருங்கும்போது தண்ணீர் கேட்டார். வரிசையில் நின்று பாட்டிலோடு திரும்பினால் இருக்கையில் வேறு யாரோ இருக்கிறார்.

பாத்ரூமில் தேடிப் பார்த்துவிட்டு நேரே ரிசப்ஷனுக்கு ஓடினேன். செவ்வாய்க்கிழமை செய்த அதே காரியத்தைச் செய்தேன். புத்தி என்று ஒன்று இருந்தால் செய்திருப்பேனா? டிக்கெட்டை நீட்டினேன். வேறு கப்பல், ரிசப்ஷனில் வேறு ஆட்கள், ஆனால் அதே பேர். "மிஸ்டர் உத்தண்டராமன்" என்று கப்பல் முழுக்கக் கேட்டது. அந்த நேரம் இயோஸில் கதவு இறங்கி ஜனம் கொட்டிக்கொண்டிருந்தது.

ஏதோ தோன்றி வெளியே கம்பியோரம் ஓடினேன். கீழே கரையில் வெள்ளைச் சட்டை. கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தார். ஒரு கிழவரை நிறுத்தி முகத்தைப் பார்த்தார். விட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார்.

"ஏங்க" என்று கத்தினேன். "ஒங்களத்தான், ஏங்க." அந்தக் காற்றில், அத்தனை பேரில், "ஏங்க" என்றால் எவர் திரும்பிப் பார்ப்பார்? என் வாயில் அதைத் தவிர வேறு வரவில்லை. கதவு எழும்பிவிட்டது. கரைக்கும் எனக்கும் நடுவில் தண்ணீர் வந்தது. வெள்ளைச் சட்டை சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு தரமாவது திரும்பியிருக்கலாம்.

கப்பல் திரும்பாது என்றார்கள். இயோஸ் துறைமுகப் போலீசுக்கு ரிசப்ஷனிலிருந்தே போன் போட்டார்கள். கையில் போன் உண்டா என்று கேட்டார்கள். என் பையில் இருக்கிறது. சட்டைப் பையில் விலாசம் ஏதும் உண்டா? இல்லை. நாக்ஸோஸ் குப்பைக்கூடையில் கிடக்கிறது. உடம்புக்கு ஏதாவது உண்டா?

"மெமரி போய்விட்டது" என்று இங்கிலீஷில் சொன்னேன். எத்தனை நாளாக என்று கேட்டார்கள். இரண்டு வருஷமாக என்றேன். இந்த நோட்டில்கூட எழுதாததை யாரோ ஒரு பையனிடம் சொல்லிவிட்டேன்.

கால் மணி நேரம் ஆயிற்று. வண்டியில் ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே தேடுகிறார்களாம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் துறைமுகத்தைத் தாண்டி, கடலோரப் பாறைப் பக்கம் வேகமாகப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களாம். கூப்பிடக் கூப்பிட நிற்காமல் போகிறார் என்றார்கள்.

"என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்?"

"உத்தண்டராமன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு தரம் அந்தப் பேரைக் கேட்கும்போதும், காது கேட்காத அப்பா எங்கேயோ முன்னால் போகிறார் என்றுதான் இவர் இன்னும் வேகமாக நடப்பார். இவரைத் தேடுகிறோம் என்று நாங்களே பாறைக்கு விரட்டிக்கொண்டிருந்தோம்.

"நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பேரைச் சொல்லக் கூடாது" என்றேன். போலீஸ்காரர் கையில் இருக்கும் போனை வண்டியின் மைக்கில் வைக்கச் சொன்னேன். இங்கிருந்து நான் கூப்பிடுகிறேன் என்றேன். ரிசப்ஷன் பையன் ஒரு வினாடி என்னைப் பார்த்தான். பிறகு கிரேக்கத்தில் ஏதோ சொல்லிவிட்டு ரிசீவரை என் கையில் கொடுத்தான்.

ரிசீவர் கைக்கு வந்ததும் குரல் தானாக வந்தது. அழுகையெல்லாம் எங்கே போனதோ.

"கோவில்பட்டி எக்சேஞ்ச். சங்கரபாண்டியனுக்கு பி.பி. கால். சங்கரபாண்டியன், லைன்ல வாங்க."

காற்றுதான் கேட்டது. மறுபடியும் சொன்னேன்.

"சங்கரபாண்டியன். கல்கத்தா பி.பி. கால். சங்கரபாண்டியன் இருந்தா லைன்ல வாங்க."

எத்தனை தரம் சொன்னேன் என்று எண்ணவில்லை. கப்பலில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நாற்பது வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். போலீஸ்காரர் கிரேக்கத்தில் ஏதோ கத்துவது கேட்டது. செருப்புச் சத்தம், மூச்சு வாங்குவது.

"ஹலோ. சங்கரபாண்டியன்தான் பேசுறேன்."

கம்பெனி டெலிபோனை எடுத்து இப்படித்தான் சொல்வார். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

நான் பேசுமுன் அவரே தொடர்ந்தார். "எக்சேஞ்சாம்மா? கல்கத்தா அப்புறம் பேசிக்கிடலாம். மொதல்ல எனக்கு ஒரு கால் போட்டுத் தாங்க. எங்க வீட்டுக்காரி, செண்பகவல்லின்னு பேரு. என்னயக் காணாமத் தேடிக்கிட்டிருப்பா. பயந்துருவா, பாவம்."

ஆபரேட்டர் லைனில் அழக் கூடாது.

"லைன்லயே இருங்க" என்றேன். "போட்டுத் தாரேன்."

"சரிம்மா."

ரிசீவரை நெஞ்சில் அமுக்கிக்கொண்டு ஒரு மூச்சு அழுது தீர்த்தேன். பிறகு காதில் வைத்து, "ஒங்களத்தான். நான் செண்பகம் பேசுறேன்" என்றேன்.

"நீ எங்க போன? அப்பாவக் கூப்பிட்டாகன்னு வந்தேன். ஆளக் காணோம்."

"அவுக வர மாட்டாக. நான் வாரேன். நீங்க அந்தப் போலீஸ்காரர் பக்கத்துலயே உக்காந்திருங்க."

"வெரசா வா" என்றார்.

சாண்டோரினியில் கதவு இறங்கியதும் உமையாள் கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். என் பின்னால் அப்பாவைத் தேடினாள். இயோஸில் இறங்கிவிட்டார், போலீஸோடு பத்திரமாக இருக்கிறார் என்றேன். மற்றதை வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இந்த நோட்டை அப்படியே அவள் கையில் கொடுத்தேன். திரும்பிப் போகும் கப்பலுக்குக் காத்திருந்தபோது துறைமுகத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். வியாழக்கிழமைக்கு வந்ததும், அவள் யாரென்று இவர் கேட்ட அந்த வரியைத் திரும்பவும் ஒரு தரம் படித்தாள். என்னைத் திட்டுவாள் என்று இருந்தேன். "இவ்வளவையும் தனியாவாம்மா தூக்கிக்கிட்டு வந்த" என்றாள்.

இயோஸ் விளக்குக் கூண்டு தெரிகிறது. நோட்டை மூடுகிறேன்.

ஆகஸ்ட் 9, சனி. இயோஸ்

நேற்று நாங்கள் போனபோது போலீஸ் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யாரோ காப்பி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கால் விரலில் பாறை குத்திய காயம், கட்டுப் போட்டிருந்தது. மேஜையில் டெலிபோன் இருந்தது. அதன் மேல் ஒரு கையை வைத்திருந்தார்.

ஆம்ஸ்டர்டாமா, கோவில்பட்டியா என்று இன்னும் முடிவாகவில்லை. முதலில் டாக்டர் என்றாள் உமையாள். சரி என்றுவிட்டேன். இன்று காலை ஒரு அட்டை வாங்கி இவர் பேரைப் பெரிய எழுத்தில் நானே எழுதினேன். அப்பா பேரை எழுதவில்லை. கீழே என் நம்பர். அதை இவர் சட்டைப் பையில் வைத்தேன்.

காலையிலிருந்து பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். முதல் இரண்டு தரம் உமையாளுக்குச் சிரிப்பு, எனக்கு வெட்கம். மூன்று தரம் கூப்பிட்டால் ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறார்.